ஐன்ஸ்டைன் பெருமானின் இறுதி நோய்

அறிஞர் பெருமையை அவர் வாழ்ந்த முறையால் அறிவது உலக வழக்கு. சிலரையோ அவர் இறப்பை எதிர்கொண்ட முறையாலும் நாம் அறியலாகும். அத்தகையோருள் ஒருவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். அவர் கண்ட விஞ்ஞானக் கொள்கைகளை விரித்துரைக்கும் ஆற்றல் தமிழ் பயிலும் நமக்கு இல்லை. ஆதலின், அவர் உயிரைக் கவர்ந்த நோயையும், அதனை அவர் ஏற்ற திறத்தையுமே ஈண்டுச் சிறப்பாகக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1879-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14-ஆம் நாள், ஜெர்மனி நாட்டு உல்ம் நகரில் யூதர் குடியிற் பிறந்தார். பெர்ன் நகரத்துப் பேடண்டு அலுவலகத்தில் எளிய உத்தியோகத்தில் இருந்துகொண்டே 1905-இல் சார்புக் கொள்கையை வெளியிட்டார். 1921-ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசும் பெற்றார். 1933-இல் ஹிட்லர் ஆட்சி ஏற்படவே, பிறந்த நாட்டைத் துறந்து அமெரிக்காவிற் பிரின்ஸ்டன் நகரிற் குடிபுகுந்தார்.

வயிற்று நோய் 1917 முதலே அவரை வருத்தியது. முதுமையில் மேல்வயிற்று வலியும் வாந்தியும் அடிக்கடி கண்டன. இதன் காரணத்தை ஆராய, 1948 டிசம்பரில் புரூக்ளின் யூதர் மருத்துவமனையில் ருடால்ப் நிஸ்ஸன் என்னும் ரண சிகிச்சை நிபுணர் அவர் வயிற்றைத் திறந்து நோக்கினார். நிஸ்ஸனும் 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவரே. ஒரே கொடுங்கோன்மையால் நாடிழந்த இருவர், அயல்நாட்டில் வைத்தியரும் நோயாளியுமாகக் கூடியது வியத்தற்குரியது அன்றோ!

இருதயத்தினின்று எழும் பெருநாடி, வயிற்றினுள் கணையத்தின் பின்புறமாக முதுகெலும்பை ஒட்டி இறங்குகின்றது. அதன் சுவர் ஓரிடத்தில் வலிகுன்றின், குருதியின் அழுத்தத்தால் அவ்விடம் பை போலப் புடைக்கும். புடைக்கப் புடைக்கச் சுவர் மெலியும். ஒருநாள் வெடிப்பின் உயிர்க்கு இறுதியாகும். இதனை வைத்தியர் அனியூரிசம் என்பர். ஐன்ஸ்டைன் வயிற்றில் நிஸ்ஸன் கண்டது பெரியதோர் நாரத்தங்காய் அளவினதாகிய இப்புடைப்பே.

பழுதுற்ற பெருநாடியை வெட்டி நீக்கி வேறு குழாய் பொருத்தும் முறை அந்நாளில் இல்லை. பாரிஸ் நகரில் டூபோஸ்ட் என்பார் அதனைச் செய்து காட்டியது 1951-இல்தான். எனவே நிஸ்ஸன், தின்பண்டங்களைச் சுற்றும் செல்லோபேன் என்னும் கண்ணாடித் தாளால் அப்புடைப்பைச் சுற்றினார். அத்தாள் உறுத்துவதாற் சுற்றிலும் தழும்புத் தசை தடித்து வளரும். வலியற்ற சுவருக்கு அது முட்டுக்கொடுக்கும். இவ்வெளிய உபாயம் அப்பேரறிஞருக்கு ஆறாண்டுகட்கு மேல் வாழ்நாள் ஈந்தது.

அவ்வாண்டுகளை அவர் வீணாக்கினார் அல்லர். தம் ஆராய்ச்சியை இடைவிடாது தொடர்ந்தார். அணுக்குண்டுப் போரை விலக்குமாறு அறிஞர் விடுத்த அறிக்கையில் 1955 ஏப்ரல் 11-ஆம் நாள் கையொப்பமிட்டார். இரு நாட்களில் வலி மிகுந்தது. பெருநாடியினின்று குருதி கசியலாயிற்று. நியூயார்க்கினின்று வந்த ரண சிகிச்சை நிபுணர் மீண்டும் சிகிச்சை செய்யலாம் என்றார். ஐன்ஸ்டைன் இசைந்திலர். செயற்கையால் உயிரை நீட்டித்தல் தமக்கு ஏலாது என்றும், தம் கடமை முடிந்தது என்றும் அமைதியாகத் தெரிவித்தார்.

அவர் வாழ்வை வெறுத்தவர் என்று நாம் எண்ணுதல் தவறு. மருத்துவமனைக் கட்டிலில் இருந்துகொண்டே தம் மூக்குக்கண்ணாடியையும் கணக்குத் தாள்களையும் கேட்டு வாங்கினார். ஏப்ரல் 18-ஆம் நாள், நள்ளிரவு கழிந்து ஒரு மணிக்குப் பின், ஜெர்மன் மொழியிற் சில சொற்கள் கூறி உயிர் நீத்தார். அருகிருந்த தாதிக்கு அம்மொழி தெரியாமையால் அச்சொற்கள் உலகிற்குக் கிட்டவில்லை. அகவை 76.

அவர் சிகிச்சைக்கு இசைந்திருக்கலாகாதா என வினவுவார் உளர். நாமும் நம்முள் அவ்வாறு வாதிட்டோம். ஒருகால் பிழைத்திருப்பார், ஒருகால் மேசைமேலேயே மாண்டிருப்பார். ஒன்று மட்டும் தெளிவு. கிடைத்த ஆறாண்டையும் கொடையாக ஏற்று உழைத்தார். மேலும் வேண்டும் என்று இரந்தாரிலர். நாள்களை எண்ணாது பணியை எண்ணிய அம்மனப்பான்மையை மாணவராகிய நாமும் கைக்கொள்வோமாக.