பொய் சொல்லாத சாட்சியும் தவறு செய்யலாம்: நீதிமன்றத்தோடு மோதிய மூன்ஸ்டர்பெர்க் யார்?

செராஸில் இருக்கும் போலீஸ் தடயவியல் ஆய்வகத்துக்குத் தோட்டா போகும், ரத்தக் கறை போகும், டிஎன்ஏ மாதிரி போகும். ஆனால், கண்ணால் பார்த்தேன் என்று கூண்டில் ஏறிச் சொல்பவரின் ஞாபகத்தை எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவது?

நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இந்தக் கேள்வியோடு அமெரிக்க வழக்கறிஞர்களிடம் வம்புக்குப் போனவர் ஹூகோ மூன்ஸ்டர்பெர்க். இன்று தடயவியல் உளவியல் என்று படிக்கிறோமே, அந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர்.

1863ல் டான்சிக் நகரில் (இன்றைய போலந்தின் கடான்ஸ்க்) பிறந்தார். லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட்டிடம் உளவியல் முனைவர் பட்டம், பிறகு ஹைடல்பெர்க்கில் மருத்துவப் பட்டம். 1892ல் வில்லியம் ஜேம்ஸ் அழைக்க, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வகத்தைக் கவனிக்கப் போனார்.

ஒரு கோடையில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தபோது அவர் வீட்டில் திருட்டு நடந்தது. நீதிமன்றத்தில் சத்தியம் செய்து, பார்த்ததையெல்லாம் சொன்னார். திருடர்கள் நிலவறை ஜன்னல் வழியாக வந்தார்கள், கடிகாரத்தைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார்கள் என்றார். அப்புறம்தான் தெரிந்தது: அவர்கள் உடைத்தது கதவை, கடிகாரத்தைச் சுற்றியிருந்தது மேசை விரிப்பு. ஞாபகத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பேராசிரியரே, பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லாமல், இத்தனை தப்பு! இதை அவரே 1908ல் வெளிவந்த தன் நூலில் எழுதிவிட்டார். அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அவர் தொட்ட வழக்குகள் இவ்வளவு லேசானவை அல்ல. 1906ல் சிகாகோவில் ஒரு பெண் கொலையானார். ரிச்சர்ட் ஐவன்ஸ் என்ற இளைஞர் போலீஸ் விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், பிறகு மறுத்தார். ஒரு மருத்துவர் கருத்துக் கேட்டதால் விவரங்களைப் படித்த மூன்ஸ்டர்பெர்க், விசாரித்தவர்கள் மனசுக்குள் திணித்ததையே அந்த இளைஞர் திருப்பிச் சொல்கிறார், ஒப்புதல் உண்மையானது அல்ல என்று கடிதம் எழுதினார். கடிதம் பத்திரிகைக்குப் போனது. வெளியூர்ப் பேராசிரியருக்கு இங்கே என்ன வேலை என்று பத்திரிகைகள் சாடின. ஐவன்ஸ் தூக்கிலிடப்பட்டார். ஒருவர் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்ளக்கூடும் என்பதை இன்றைய ஆய்வாளர்கள் சந்தேகமில்லாமல் ஏற்கிறார்கள்.

அடுத்த வருஷமே அவர் எதிர்த்திசையில் சறுக்கினார். ஐடஹோவின் முன்னாள் ஆளுநரைக் குண்டு வைத்துக் கொன்றதாக ஒப்புக்கொண்ட ஹாரி ஆர்ச்சர்ட், தொழிற்சங்கத் தலைவர்கள்தான் ஏவினார்கள் என்று சாட்சி சொன்னார். மூன்ஸ்டர்பெர்க் அவரைச் சந்தித்து ஏறக்குறைய நூறு சோதனைகள் செய்தார். முக்கியமானது சொல் சோதனை. ஒரு சொல்லைச் சொன்னதும் மனசில் வரும் சொல்லை உடனே சொல்ல வேண்டும். எதையாவது மறைக்கிறவர், ஆபத்தான சொல் வரும்போது கொஞ்சம் தாமதிப்பார் என்பது கணக்கு. ஆர்ச்சர்ட் சொல்வது உண்மை என்று முடிவு கட்டினார். தீர்ப்புக்கு முன்பே அது செய்தியாகிவிட்டது. ஆனால், தொழிற்சங்கத் தலைவர் பில் ஹேவுட் குற்றவாளி அல்ல என்று ஜூரி விடுதலை செய்தது. மனித ஞாபகத்தைச் சந்தேகித்தவர், தன் கருவியைச் சந்தேகிக்க மறந்துவிட்டார் போலும்.

சட்டப் பேராசிரியர் ஜான் விக்மோர் சும்மா விடுவாரா? 1909ல் ஒரு கற்பனை வழக்கையே எழுதினார். வழக்கறிஞர்கள் மூன்ஸ்டர்பெர்க் மீது அவதூறு வழக்குப் போட்டு ஜெயிக்கிறார்கள், நஷ்டஈடு ஒரு டாலர். கிண்டலுக்குள்ளே நியாயமான கேள்வி இருந்தது: நீதிமன்றம் பயன்படுத்தும் அளவுக்கு ஆராய்ச்சி எங்கே? நம் நாட்டிலும் 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 45ஆம் பிரிவில், நிபுணர் கருத்துக்கு இடம் தருகிறது. அதை ஏற்பதா என்று முடிவு செய்வது நீதிபதிதான்.

அவருடைய மாணவர் வில்லியம் மார்ஸ்டன், ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் சோதனையை உருவாக்கினார். 1923ல் அதை ஏற்க அமெரிக்க நீதிமன்றம் மறுத்தது. அதே மார்ஸ்டன்தான் பிற்பாடு வொண்டர் வுமனைப் படைத்தார். உண்மையைக் கக்க வைக்கும் அந்தக் கயிறு ஞாபகம் வருகிறதா?

ஒரு வேடிக்கை: பெண்கள் ஜூரியாக இருக்கத் தகுதியற்றவர்கள் என்று, மிகச் சிறிய சோதனை ஒன்றை வைத்துக்கொண்டு, மூன்ஸ்டர்பெர்க் வாதிட்டார். முதல் உலகப்போரில் ஜெர்மனிக்காகப் பேசியதால் நண்பர்களையும் இழந்தார். 1916 டிசம்பரில், ராட்கிளிஃப் மகளிர் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்து இறந்தார். வயது 53.

அதே காலகட்டத்தில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியலுக்குத் தனித்துறை தொடங்கியது. அதை நடத்த வந்தவர் நரேந்திரநாத் சென்குப்தா, ஹார்வர்டில் மூன்ஸ்டர்பெர்க்கிடம் படித்தவர்.