மார்க்கஸ் துள்ளியஸ் சிசரோ (கி.மு. 106 – கி.மு. 43)

இலத்தீன் இலக்கியம் பற்றிய நூலொன்றைத் திறந்தவுடன் அனாபரா, பிரெதெரிசியோ, புரொசொபொபீயா என வாயில் நுழையாத பெயர்கள் உங்களை எதிர்கொள்ளும். அவற்றைப் பட்டியலாக மனனஞ் செய்து, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுவது பல மாணவர்களின் வழக்கம். அவ்வாறு செய்யாது, அந்த உத்திகளை நீதிமன்றிலும் செனற் சபையிலும் கையாண்ட ஒருவரின் வாழ்க்கையோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். அவர்தான் சிசரோ.

உரோம் நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ள அர்ப்பினம் என்னும் மலையூரில் கி.மு. 106 சனவரி 3 ஆம் திகதி அவர் பிறந்தார். குடும்பம் வசதியானதே. ஆயினும் அவருடைய முன்னோருள் எவரும் உரோமின் உயர்பதவிகளை வகித்ததில்லை. இத்தகையோரை உரோமர் 'புதிய மனிதர்' என்று சற்று ஏளனமாகவே அழைத்தனர். சிசரோ என்ற பெயரும் கடலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகும். குலப்பெருமையோ படைபலமோ இல்லாத அவருக்குப் பேச்சுத்தான் மூலதனம்.

அக்காலத்தில் பேச்சுக்கலை ஐந்து கூறுகளாகப் பயிலப்பட்டது. சொல்லவேண்டிய பொருளைக் கண்டறிதல், அதனை ஒழுங்குபடுத்தல், தக்க நடையில் அமைத்தல், நினைவில் இருத்தல், குரலாலும் மெய்ப்பாட்டாலும் வெளிப்படுத்தல் என்பனவே அவை. நீங்கள் படிக்கும் அணிகள் யாவும் மூன்றாவது கூறுக்குள் அடங்குவன என்பதை முதலில் மனத்திற் கொள்க.

கி.மு. 80 இல், தந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ரொசியஸ் என்பவருக்காகச் சிசரோ வாதாடினார். எதிர்ப்பக்கத்தில் சர்வாதிகாரி சுல்லாவின் செல்வாக்குமிக்க ஆள் ஒருவன் இருந்தமையால் மூத்த வழக்கறிஞர்கள் ஒதுங்கிக்கொண்டனர். வயது இருபத்தாறே ஆன சிசரோ வென்றார். தந்தையைக் கொன்றவனைச் சாக்கில் இட்டுத் தைத்து நீரில் எறியும் தண்டனையை அவர் வருணித்த பகுதிக்குப் பலத்த ஆரவாரம் எழுந்தது. ஆனால், பிற்காலத்தில் அப்பகுதியை இளமையின் மிகைப்பேச்சு என்று அவரே குறை கூறினார். தம் எழுத்தைத் தாமே திருத்தத் தெரிந்தவர் அவர். அடுத்த ஆண்டே கிரேக்கம் சென்று, றோட்ஸ் தீவில் மொலோன் என்னும் ஆசிரியரிடம் குரலையும் நடையையும் அடக்கக் கற்றார்.

கி.மு. 70 இல் சிசிலியைச் சூறையாடிய ஆளுநர் வெரஸ்ஸைக் குற்றவாளிக்கூண்டில் ஏற்றியதன்மூலம் அவர் முன்னணி வழக்கறிஞரானார். கி.மு. 63 இல் உரோமின் அதியுயர் பதவியாகிய கொன்சல் பதவியும் அவருக்குக் கிடைத்தது.

அவ்வாண்டு நவம்பரில் நடந்ததை நீங்கள் கவனமாகப் படிக்கவேண்டும். ஆட்சியைக் கவிழ்க்கச் சதிசெய்த கற்றிலைன் என்னும் பிரபு, எதுவும் நடவாதவன்போலச் செனற் சபைக்கு வந்து அமர்ந்தான். அருகிலிருந்தோர் எழுந்து விலகினர். அவனைக் கைதுசெய்யப் போதிய சான்று சிசரோவிடம் இருக்கவில்லை. அவனை நகரைவிட்டுத் தானாகவே வெளியேறச் செய்யவேண்டும். அதற்குச் சொல்லைத் தவிர வேறு கருவியில்லை.

வணக்கமோ முன்னுரையோ இன்றி, விடையை எதிர்பாராத வினாக்களை அடுக்கித் தொடங்கினார். இதுவே வினா உத்தி. 'ஒன்றுமில்லை' எனப் பொருள்படும் நிஹில் என்ற சொல்லை ஒரே வாக்கியத்தில் ஆறு முறை முன்வைத்தார். தொடர்களின் தொடக்கத்தில் ஒரே சொல் மீளமீள வருவது அனாபரா ஆகும். கற்றிலைனின் சொத்துகள் அழிந்துபோனதைப் பற்றித் தாம் பேசப்போவதில்லை என்று கூறியே அதனைச் சபைக்கு நினைவூட்டினார். சொல்லாமல் விடுவதாகக் கூறிச் சொல்லிவிடும் இவ்வுத்தியே பிரெதெரிசியோ. சான்று குறைந்தவனுக்கு இது எவ்வளவு உதவும் என்று எண்ணிப் பாருங்கள். பின்னர் தாய்நாடே வாய்திறந்து கற்றிலைனை வெளியேறச் சொல்வதாக அமைத்தார். பேசாத ஒன்றை அல்லது இறந்த ஒருவரைப் பேசவைப்பது புரொசொபொபீயா. அன்றிரவே கற்றிலைன் நகரைவிட்டு அகன்றான்.

ஆனால், டிசம்பரில் சதிகாரர் ஐவர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். சட்டத்தை நன்கறிந்த சிசரோ இதற்கு உடன்பட்டது அவர் வாழ்வின் பெரும் பிழை என்றே கூறவேண்டும். அதன் விளைவாக கி.மு. 58 இல் நாட்டைவிட்டு வெளியேறி, மறு ஆண்டிலேயே திரும்ப முடிந்தது.

கி.மு. 52 இல் மைலோ என்பவருக்காக வாதாடியபோது, மன்றத்தைச் சூழ்ந்துநின்ற படையினரையும் கூச்சலிட்ட கூட்டத்தையும் கண்டு அவர் தடுமாறினார். வழக்குத் தோற்றது. இன்று நாம் படிக்கும் மைலோ உரை, பின்னர் அவர் திருத்தி எழுதி வெளியிட்டதே. ஐந்தாவது கூறு பிழைத்தால் ஏனைய நான்கும் பயன்படா என்பதற்கு இதனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

கி.மு. 46 இல் எழுதிய 'ஒராத்தோர்' என்னும் நூலில் நடையை மூன்றாக வகுத்தார். எளிய நடை நிறுவுவதற்கு, இடைநிலை நடை மகிழ்விப்பதற்கு, உயர்நடை உள்ளத்தை அசைப்பதற்கு. மாணவர்கள் பெரும்பாலும் உயர்நடையை மட்டுமே சிசரோவின் நடையென எழுதுகின்றனர். அது தவறு. மூன்றையும் இடமறிந்து ஆள்பவனே அவர் கருத்தில் உண்மையான பேச்சாளன்.

கி.மு. 44 மார்ச் 15 ஆம் திகதி யூலியஸ் சீசர் கொல்லப்பட்டார். மார்க் அன்ரனி ஆட்சியைக் கைப்பற்ற முனைவதாகக் கண்ட சிசரோ, அறுபது வயது கடந்த நிலையில் அவருக்கெதிராகப் பதினான்கு உரைகளை ஆக்கினார். மசிடோனிய மன்னன் பிலிப்பை எதிர்த்து டெமொஸ்தனிஸ் ஆற்றிய உரைகளை நினைவுகூர்ந்து இவை 'பிலிப்பிக்' உரைகள் எனப்பட்டன. மிகக் கடுமையான இரண்டாவது உரை சபையில் பேசப்படவேயில்லை, எழுத்துவடிவிலேயே பரவியது.

கி.மு. 43 இல் அன்ரனி, ஒக்ரேவியன், லெப்பிடஸ் மூவரும் கைகோத்துக் கொல்லப்படவேண்டியோர் பட்டியலை வெளியிட்டபோது சிசரோவின் பெயரும் அதிலிருந்தது. டிசம்பர் 7 ஆம் திகதி, கடற்கரையை நோக்கிப் பல்லக்கிற் சென்றுகொண்டிருந்த அவரைப் படையினர் மறித்துக் கொன்றனர். அவருடைய தலையும் கையும் உரோமுக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் பலமுறை நின்று பேசிய அதே மேடையில் மக்கள் காண வைக்கப்பட்டன. அன்ரனிக்கு எதிரான உரைகளை எழுதிய கை என்பதனாலேயே அதனையும் வெட்டினர்.