கொசுவின் வயிற்றில் கண்ட உண்மை

மலேரியா பரவும் வழியைக் கண்டறிந்த சர் ரொனால்ட் ராஸ் 1857-ல் அல்மோராவில் பிறந்தார். கவிதையில் நாட்டம் கொண்டவர். தந்தையின் விருப்பத்துக்காக மருத்துவரானார். 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1897 ஆகஸ்ட் 20-ந் தேதி செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு, கொசுக்கடியே நோயைப் பரப்புகிறது என நிரூபித்தார். 1902-ல் நோபல் பரிசு பெற்றார்; 1932-ல் லண்டனில் காலமானார்.

பின்வந்தோர் மேலும் ஓர் உண்மையைக் கண்டனர். கர்ப்பிணியின் உடலில் இக்கிருமி நஞ்சுக்கொடியில் பதுங்குகிறது. சிசுவுக்குப் போகும் ஊட்டம் குறைகிறது. தாய்க்குச் சோகை, பிள்ளை எடை குறைந்து பிறக்கும், சில வேளை கருவும் கலையும். தலைப்பிரசவத்தில் ஆபத்து அதிகம். காய்ச்சலே தெரியாமலும் இருக்கலாம்.

தேங்கிய நீரை அகற்றிக் கொசுவை ஒழிக்கச் சொன்னவர் ராஸ். கர்ப்பிணி உள்ள வீட்டில் கொசுவலை கட்டுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.