மலையை அளந்த கணித மேதை இராதாநாத் சிக்தார்

உலகத்து மலைச்சிகரங்களுள் மிக உயர்ந்தது எவரெஸ்ட் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். அச்சிகரத்தில் 1953 ஆம் ஆண்டு மே மாதம் 29 ஆந் திகதி கால் பதித்த டென்சிங்கையும் ஹிலாரியையும் உலகம் போற்றுகின்றது. ஆயின், அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, மலையின்மீது ஏறாமல், காகிதமும் பேனாவும் மடக்கை வாய்பாடும் கொண்டு அதன் உயரத்தைக் கணித்தோர் உளர். அவர்களுள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் வங்காளத்துக் கணித மேதை இராதாநாத் சிக்தார் ஆவர். சிவனொளிபாதமலையின் அடிவாரத்திலும் அதனைச் சூழ்ந்த குன்றுகளிலும் வாழும் சபரகமுவத் தோட்டத்து இளைஞராகிய நமக்கு, மலையை அளந்த ஒருவரின் சரிதம் அந்நியமானதன்று. அதனை இம்மலரின் வாயிலாகச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

இராதாநாதர் 1813 ஆம் ஆண்டு கல்கத்தா நகரின் ஜோராசங்கோ என்னும் பகுதியிற் பிறந்தார். தந்தையார் திதுராம் சிக்தார். இராதாநாதர் கல்கத்தா இந்துக் கல்லூரியிற் சேர்ந்து, இளைஞர் உள்ளத்திற் புதுச் சிந்தனையைத் தூண்டிய ஆசிரியர் டெரோசியோவின் மாணவர் குழாத்தில் ஒருவரானார். கணிதப் பேராசிரியர் டைட்லரிடம் நியூட்டனின் அரிய நூலையும் கற்றார். அக்காலத்தில் இந்திய மாணவர் அந்நூலைத் தொடுவதே அபூர்வம்.

இந்தியப் பெருநிலத்தை முக்கோணி முக்கோணியாகப் பிரித்து அளக்கும் பெரும்பணி அந்நாளில் நடைபெற்று வந்தது. அதனைத் தொடக்கியவர் லாம்டன். தொடங்கிய இடம் நமது முன்னோரின் தாயகமாகிய தமிழ்நாடு. 1802 ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலைக்கு அருகே சுமார் ஏழரை மைல் நீளமான அடிக்கோடொன்றை அவர் அளந்தார். 1808 ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது பாரமான கோணமானியை ஏற்றியபோது கயிறு அறுந்து கருவி சேதமுற்றதும், அவர் மனந்தளராது அதனைத் தம் கையாலேயே பழுதுபார்த்ததும் அப்பணியின் சரித்திரத்திற் புகழ்பெற்ற நிகழ்ச்சிகள். லாம்டன் 1823 இல் மறைந்தபின் ஜோர்ஜ் எவரெஸ்ட் பொறுப்பேற்றார். கணிதத்திற் சிறந்த இளைஞர் ஒருவரை அவர் வேண்டி நிற்க, டைட்லர் சுட்டிய பெயர் இராதாநாத் சிக்தார். 1831 ஆம் ஆண்டின் இறுதியில், 18 வயதில், அவர் கணிப்பாளராக உத்தியோகம் ஏற்றார்.

கணிப்பாளரின் தொழில் யாது? ஒரு முக்கோணியின் ஒரு பக்கத்தையும் கோணங்களையும் அறிந்தால் ஏனைய பக்கங்களைச் சங்கிலி பிடித்து அளக்க வேண்டியதில்லை, கணித்தே அறியலாம். ஆனால் நீண்ட தசமங்களைப் பெருக்குவதும் வகுப்பதும் எளிதோ? ஆயிரக்கணக்கான முக்கோணிகளுக்கு அவ்வாறு செய்யப் புகுந்தால் ஒருவர் ஆயுளே போதாது. இங்கேதான் மடக்கை கைகொடுத்தது. ஸ்கொத்லாந்து தேசத்து ஜோன் நேப்பியர் 1614 ஆம் ஆண்டில் அதனை உலகுக்கு அளித்தார். பின்னர் ஹென்றி பிரிக்ஸ் என்பவர் பத்தினை அடியெண்ணாகக் கொண்ட வாய்பாட்டை ஆக்கினார். 100 என்பது இரண்டு பத்துக்களின் பெருக்கம். எனவே அதன் மடக்கை 2. 1,000 இன் மடக்கை 3. இவ்விரண்டையும் பெருக்கினால் வருவது 100,000. அதன் மடக்கை 5. அதாவது, எண்களைப் பெருக்க வேண்டிய இடத்தில் மடக்கைகளைக் கூட்டினாற் போதும். வகுக்க வேண்டிய இடத்திற் கழித்தாற் போதும்.

ஓர் உதாரணம் கூறுவோம். அடிக்கோடு 7.5 மைல் என்றும், அதன் இரு முனைகளிலிருந்து தூரத்துக் குன்றொன்றை நோக்கிய கோணங்கள் 64 பாகை, 71 பாகை என்றும் கொள்வோம். மூன்றாங் கோணம் 45 பாகை. 64 பாகைக்கு எதிரான பக்கத்தை அறிய 7.5 ஐ 64 பாகையின் சைனாற் பெருக்கி 45 பாகையின் சைனால் வகுக்க வேண்டும். 7.5 இன் மடக்கை 0.8751. சைன்களின் மடக்கைகள் எதிரெண் ஆகாதிருக்கப் பத்துக் கூட்டி அச்சிடுவது பழைய வாய்பாடுகளின் வழக்கம். அம்முறைப்படி அவை 9.9537, 9.8495. முதலிரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் 0.9793 வரும். இதற்குரிய எண்ணை வாய்பாட்டிற் பார்த்தால் 9.53 மைல். ஆற்றையும் பள்ளத்தாக்கையும் கடவாமலே குன்றின் தூரத்தை அறிந்துவிட்டோம்! அப்பக்கத்தை அடுத்த முக்கோணிக்கு அடிக்கோடாக்கினால் கணக்கு அங்கிருந்து மேலும் செல்லும். இவ்வாறே பரங்கிமலையிலே தொடங்கிய அளவை இமயத்தின் அடிவாரம் வரை சென்றது.

இராதாநாதர் இக்கலையில் நிகரற்று விளங்கினார். வேறு உத்தியோகத்துக்குச் செல்ல அவர் முயன்றபோதும், அவருக்கு ஈடானவர் இலர் என்பதால் எவரெஸ்ட் விடுவிக்க இசைந்தாரில்லை. டேராடூனில் அவர் பணியாற்றிய 1843 ஆம் ஆண்டில் நிகழ்ந்த சம்பவம் ஒன்றை நம்மவர் சிறப்பாக அறிதல் வேண்டும். அவ்வூர் நீதவானாகிய வான்சிட்டார்ட் என்னும் ஆங்கிலேயர், நில அளவைத் திணைக்களத்து ஏழைத் தொழிலாளரைக் கூலியின்றித் தமது மூட்டைகளைச் சுமக்கச் செய்தார். இராதாநாதர் அதனைக் கண்டு பொறாது மூட்டைகளைத் தடுத்து நிறுத்தினார். வழக்கு நடந்தது. அவருக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதம் செலுத்தினாரேயன்றி அவர் தலை தாழவில்லை. அவ்வழக்கின் செய்தி கல்கத்தாப் பத்திரிகையிலும் வெளிவந்து, கூலியற்ற வேலை என்னும் கொடுமையைப் பலரறியச் செய்தது.

அந்த ஆண்டுகளிலேதான் நம் முன்னோர் தமிழ்நாட்டுக் கிராமங்களை விட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாகக் கோப்பித் தோட்டங்களை நோக்கி வந்துகொண்டிருந்தனர் என்பதை எண்ணுந்தோறும் நம் உள்ளம் உருகுகின்றது. சுமை தூக்கியோரின் பக்கத்தில், படித்த ஒருவர் தம் உத்தியோகத்தையும் பொருட்படுத்தாது நின்றார். கல்வி கற்றவன் யாருக்காக நிற்க வேண்டும் என்னும் வினாவுக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ?

பின்னர் இராதாநாதர் பிரதம கணிப்பாளராகிக் கல்கத்தாவில் அமர்ந்தார். 1849, 1850 ஆம் ஆண்டுகளில் ஜேம்ஸ் நிக்கல்சன் என்பவர் பீகார்ச் சமவெளியின் ஆறு நிலையங்களிலிருந்து பதினைந்தாம் இலக்கச் சிகரத்தைக் கோணமானியால் நோக்கியிருந்தார். தூரமோ நூறு மைலுக்கும் அதிகம். 110 மைல் தூரத்திற் பூமியின் வளைவு மட்டுமே ஏறத்தாழ 8,000 அடியை மறைத்துவிடும். காற்றிலே ஒளி வளைவதால் வரும் பிழை வேறு. இவற்றையெல்லாம் திருத்திக் கணித்தபோது ஆறு நிலையங்களும் 28,990 அடிக்கும் 29,026 அடிக்கும் இடைப்பட்ட உயரங்களைத் தந்தன. அவற்றின் சராசரி 29,002 அடி. 1856 ஆம் ஆண்டில் இது வெளியிடப்பட்டது. 2020 ஆம் ஆண்டில் நேபாளமும் சீனாவும் நவீன கருவிகளால் அளந்து அறிவித்த உயரம் 8,848.86 மீற்றர், அதாவது ஏறத்தாழ 29,032 அடி. வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கே!

இம்முடிவை முதலிற் கண்டவர் இராதாநாதரே என்று கூறுவாரும், டேராடூன் அலுவலகத்தாருக்கும் அதிற் பங்குண்டு என்று கூறுவாரும் உளர். பலர் கைபட்ட பணி அது என்பதே நடுநிலை. ஆனால் கணிதமுறைகளை வகுத்துத் தந்தோருள் அவர் தலையாயவர் என்பதில் ஐயமில்லை. சிகரத்துக்கோ, அதனைக் கணித்தவர் பெயரன்றி, ஓய்வுபெற்றுச் சென்றிருந்த எவரெஸ்டின் பெயரே சூட்டப்பட்டது.

இதனினும் பெரிய அநீதி பின்னர் நேர்ந்தது. 1851 ஆம் ஆண்டில் வெளிவந்த நில அளவைக் கைந்நூலின் கணிதப் பகுதிகளை ஆக்க உதவியவர் இராதாநாதர் என்று அதன் முகவுரை நன்றியுடன் கூறியிருந்தது. அவர் இறந்தபின் 1875 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அந்நன்றி இல்லை. அவருடைய கணிதம் மட்டும் இருந்தது. இதனைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதிய மக்டொனால்ட் என்னும் ஆங்கிலேய அதிகாரி தண்டனைக்கு உள்ளானார். அநீதி இழைத்தோரும் ஆங்கிலேயர். அதனை எதிர்த்தவரும் ஆங்கிலேயர். நேர்மைக்கு இனமில்லை.

இராதாநாதர் கணிதத்தோடு நின்றாரல்லர். 1852 ஆம் ஆண்டில் கல்கத்தா வானிலை ஆய்வுநிலையத்தின் மேற்பார்வையையும் ஏற்றார். 1854 இல் பியாரி சாந்த் மித்திரருடன் சேர்ந்து, பெண்களும் படித்துணரத்தக்க எளிய வங்காளியில் மாதப் பத்திரிகையொன்றை நடத்தினார். 1862 இல் ஓய்வுபெற்றபின் ஸ்கொத்லாந்து மிஷனின் கல்லூரியிற் கணிதம் போதித்தார். மிஷன் பாடசாலையிற் கற்ற நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகின்றது. 1870 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆந் திகதி சந்திரநாகூரில் அவர் காலமானார். 2004 ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

கணிகருவிகளும் கணினிகளும் வந்தபின் மடக்கை எதற்கு என்று நம் இளைஞர் சிலர் கேட்கின்றனர். வாய்பாட்டின் வேலையைக் கருவி செய்யலாம்; மடக்கையின் கருத்தோ எங்கும் நிறைந்துள்ளது. தேயிலை செழிக்கும் மண்ணின் பி.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை என்பர். அது மடக்கை அளவே. ஆதலின் 5.5 இலிருந்து 4.5 ஆகக் குறைந்த மண் சிறிது புளித்த மண்ணன்று. அமிலம் பத்து மடங்கு பெருகிய மண். பூமியதிர்ச்சியையும் ஒலியின் வலிமையையும் அளப்பதும் இவ்வாறே. தாய்மார் நாள்தோறும் மிதித்துக் கொழுந்து பறிக்கும் மண்ணின் தன்மையைப் பிள்ளை கணித்துக் கூறுவானாயின், அதனினும் பெருமை யாது?

தோட்டத்திலே நிறுவையும் கணக்கும் நெடுங்காலம் பிறர் கையிலேயே இருந்தன. கணக்கறிந்தவனை ஏய்த்தல் அரிது. கணக்கறிந்தவன், அறியாதவனுக்காக நிற்பானாயின், பின்னர் எவரையும் ஏய்த்தல் அரிது. இராதாநாத் சிக்தாரின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே. மூத்தோர் தத்தம் பிள்ளைகளைக் கணித பாடத்திலிருந்து விலகவிடாது காப்பாராக! இளைஞர்காள், கற்பீராக, கற்றதைக் கொண்டு நம்மவர் பக்கம் நிற்பீராக!