கழுத்து மாலையும் ஐந்து வளையல்களும்

கிறிஸ்துமஸுக்கு முன்பு வெள்ளையடிக்கும் நாள்களில் நம் எல்லோர் வீட்டிலும் ஒரே காட்சிதான். பரணில் இருப்பவை அனைத்தும் முற்றத்துக்கு வந்துவிடும். ஓட்டை விழுந்த அண்டா, கால் ஒடிந்த நாற்காலி, பாட்டி காலத்துத் தகரப் பெட்டி, மூடி தொலைந்த கூஜா என்று ஒரு சிறிய சந்தையே கூடிவிடும். இத்தனையும் நமக்கு எதற்கு என்று அப்பா கேட்பார். அம்மா பதில் பேசாமல் ஒவ்வொன்றாகத் துடைத்து மறுபடியும் பரணுக்கே ஏற்றிவிடுவார். அதைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம். அன்னை கஸ்தூரிபாயின் வரலாற்றைப் படித்த பிறகு அப்படிச் சிரிக்க நமக்கு மனம் வரவில்லை.

அண்ணல் காந்தியடிகள் மிகச் சில பொருள்களோடு வாழ்ந்தார் என்பதைச் சின்ன வகுப்பிலிருந்தே படித்து வருகிறோம். அவருடைய மூக்குக் கண்ணாடியையும், தொங்கு கடிகாரத்தையும், மிதியடியையும் படத்தில் பார்த்திருக்கிறோம். ஆனால் அவர் பிறக்கும்போதே அப்படி இருந்தவரல்லர். ஒரு காலத்தில் நிறையப் பொருள்கள் உள்ள வீடுதான் அவருடைய வீடு. அவை ஒவ்வொன்றாக வெளியேறியபோது அந்த வீட்டில் சமைத்து, பெருக்கி, பிள்ளைகளை வளர்த்தவர் ஒருவர் இருந்தாரே, அவருக்கு எப்படி இருந்திருக்கும்? இதைத்தான் நாம் இங்கே எழுத முற்படுகிறோம்.

கஸ்தூரிபாய் 1869ஆம் ஆண்டு குஜராத்தில் கடலோர ஊரான போர்பந்தரில் வசதியான வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். 1883இல், ஏறத்தாழ நம் எட்டாம் வகுப்புத் தங்கைகளின் வயதில், மோகன்தாஸ் காந்திக்கு மனைவியானார். அக்கால வழக்கப்படி பள்ளிக்கூடம் செல்லவில்லை. அவருக்கென்று இருந்தவை புகுந்த வீட்டுக்குக் கொண்டுவந்த நகைகள்தாம். 1888இல் சட்டம் படிக்க இங்கிலாந்து செல்லக் காந்திக்குப் பணம் தேவைப்பட்டபோது, முதலில் அவர் நினைவுக்கு வந்தவற்றில் மனைவியின் நகைகளும் இருந்தன. விற்றால் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் தேறும் என்று அவர் கணக்குப் போட்டார்.

1896ஆம் ஆண்டின் இறுதியில் கஸ்தூரிபாய் பிள்ளைகளோடு தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். வேடிக்கை என்னவென்றால், எளிமையின் திருவுருவமாக நாம் போற்றும் காந்தியடிகள் அந்தப் பயணத்தின்போது வீட்டாருக்குப் பொருள்களை ஏற்றிக்கொண்டிருந்தார்! நாகரிகமாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக மனைவி பார்சிப் பெண்களைப் போலச் சேலை கட்ட வேண்டும், பிள்ளைகள் கோட்டும் கால்சட்டையும் போட வேண்டும், எல்லோரும் காலுறையும் பூட்சும் அணிய வேண்டும், கத்தியும் முள்கரண்டியும் கொண்டு சாப்பிட வேண்டும் என்று கட்டளையிட்டார். பூட்சு காலைக் கடித்தது. காலுறை வியர்வையில் நாறியது. கஸ்தூரிபாய் பொறுத்துக்கொண்டு பழகினார். சில ஆண்டுகளில் கணவரின் எண்ணம் மாறியது. பூட்சும் முள்கரண்டியும் போயின. வந்தபோதும் அவரைக் கேட்டு வரவில்லை, போனபோதும் கேட்டுப் போகவில்லை.

டர்பன் நகரில் அவர்கள் குடியிருந்தது கடற்கரைப் பக்கம் மேசை நாற்காலிகளோடு அமைந்த நல்ல வீடு. காந்தியடிகளின் அலுவலக எழுத்தர்களும் அங்கேயே தங்கியிருந்தார்கள். வேலைக்காரர் செய்வதை எல்லாம் நாமே செய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வளர்ந்து வந்தது. சலவைச் செலவைக் குறைக்கத் தம் சட்டைக் காலரைத் தாமே வெளுத்துக் கஞ்சி போட்டார். நீதிமன்றத்தில் அது கஞ்சி உதிர்ந்து எல்லோரும் சிரித்தார்களாம். தம் முடியையும் தாமே வெட்டிக்கொண்டார். அதற்கும் சிரித்தார்கள். இவை சிரிக்கத்தக்கவை. சிரிக்க முடியாத ஒன்றும் அந்த வீட்டில் நடந்தது. அறைகளில் இரவில் வைக்கும் மூத்திரச் சட்டிகளை வீட்டாரே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. புதிதாக வந்த கிறிஸ்தவ எழுத்தர் ஒருவரின் சட்டியைக் கஸ்தூரிபாய் கண்ணீரோடு எடுத்துச் சென்றபோது, அதை முகமலர்ச்சியோடு செய்யவில்லை என்று கணவர் சினந்து, அவர் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துச் சென்றுவிட்டார். பிறகு வெட்கப்பட்டார். அந்த எழுத்தர் தாழ்த்தப்பட்ட பெற்றோருக்குப் பிறந்தவர். கஸ்தூரிபாய் அருவருத்தது தவறு என்று நாம் சொல்வோம். அவரை வெளியே தள்ளப் பார்த்தது அதைவிடப் பெரிய தவறு என்றும் சொல்வோம்.

இனி அந்தக் கழுத்து மாலைக்கு வருவோம்.

1901இல் குடும்பம் இந்தியா திரும்பத் தீர்மானித்தது. நேட்டால் இந்தியர்கள் பிரிவுபசாரக் கூட்டங்கள் நடத்தி அன்பளிப்புகளைக் குவித்தார்கள். தங்கச் சங்கிலி, தங்கக் கடிகாரம், வைர மோதிரம் என்று வீடு நிறைந்தது. அவற்றில் ஐம்பது கினி மதிப்புள்ள தங்க மாலை ஒன்று கஸ்தூரிபாய்க்கென்றே தரப்பட்டது. அன்றிரவு காந்தியடிகளுக்கு உறக்கம் வரவில்லை. அறைக்குள் மேலும் கீழும் நடந்தார். பொதுத் தொண்டுக்குக் கூலி பெறலாமா, எளிய வாழ்வைப் பற்றிப் பேசிக்கொண்டே வைரத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கலாமா என்று எண்ணி, விடிவதற்குள் எல்லாவற்றையும் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட முடிவு செய்தார். காலையில் முதலில் பிள்ளைகளை அழைத்துச் சம்மதம் பெற்றார். மூத்தவன் ஹரிலாலுக்கு அப்போது வயது பதின்மூன்று இருக்கும். பிள்ளைகள் உடனே சரி என்றார்கள், அம்மாவையும் சம்மதிக்க வைப்பதாக வாக்களித்தார்கள். பதின்மூன்று வயதுப் பையனுக்குத் தங்க மாலை எதற்கு? அவன் சரி என்றதில் வியப்பில்லை!

அம்மா சம்மதிக்கவில்லை. அன்று அவர் எடுத்து வைத்த வாதங்களைக் காந்தியடிகளே மறைக்காமல் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். தமக்கு நகை வேண்டாம், ஆனால் நாளை வரப்போகும் மருமகள்களுக்கு வேண்டாமா என்று கேட்டார் கஸ்தூரிபாய். நாளைக்கு என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்றார். மருமகள்களுக்குத் தேவைப்பட்டால் தம்மிடம் கேட்கலாம் என்று கணவர் சொல்ல, தம் நகைகளையே கழற்ற வைத்தவரா மருமகள்களுக்குச் செய்து போடுவார் என்று மடக்கினார். இன்றே பிள்ளைகளைச் சாமியார்களாக்கப் பார்ப்பவர் அல்லவா என்றும் கேட்டார். இந்த மாலை உன் தொண்டுக்குத் தரப்பட்டதா, என் தொண்டுக்கா என்று கணவர் கேட்டபோது அவர் தந்த விடைதான் நம் நெஞ்சில் தைக்கிறது. கணவர் செய்த தொண்டு தாமும் செய்த தொண்டே. இரவும் பகலும் உழைத்ததும், வீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் அழுதுகொண்டே பணிவிடை செய்ததும் தொண்டு இல்லையா என்றார்.

இதைப் படித்தபோது எங்கள் வகுப்பில் ஒரு பெரிய விவாதமே மூண்டது. பொதுமக்கள் பணம் பொதுமக்களுக்கே என்று பாதிப்பேர். அவருக்கென்று தந்த மாலையை அவரைக் கேட்டல்லவா கொடுத்திருக்க வேண்டும், பிள்ளைகளை முதலில் கேட்டு அம்மாவைக் கடைசியில் கேட்பது என்ன நியாயம் என்று மறுபாதி. விவாதம் முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. நமக்கு இரண்டு பக்கமும் சரியாகவே தோன்றுகிறது. பார்சி ருஸ்தம்ஜியும் பிறரும் பொறுப்பாளர்களாக ஓர் அறக்கட்டளை எழுதப்பட்டது. 1896இல் வந்த பரிசுகளும் 1901இல் வந்த பரிசுகளும் வங்கிக்குப் போயின. நேட்டால் இந்தியர்களுக்கு இடுக்கண் வந்தபோதெல்லாம் அந்த நிதி உதவியது என்பது மறுக்க முடியாத உண்மை. மனைவியின் சம்மதத்தை எப்படியோ பெற்றுவிட்டதாகத்தான் காந்தியடிகளும் எழுதியிருக்கிறார். மனமுவந்து தந்தார் என்று எழுதவில்லை.

அதற்குப் பின் பொருள்கள் வேகமாகக் குறைந்தன. பம்பாயில் பத்தாயிரம் ரூபாய்க்கு எடுத்த ஆயுள் காப்பீட்டைக் காந்தியடிகள் மறுபடி தென்னாப்பிரிக்கா சென்றதும் கட்டாமல் விட்டுவிட்டார். நாளைய கவலை கஸ்தூரிபாய்க்கு எப்போதும் உண்டு; அதற்கிருந்த கடைசித் துணையும் போயிற்று. ஜோகன்னஸ்பர்க் வீட்டுக்குள் புதிதாக வந்த பொருள் ஏழு பவுண்டு விலையுள்ள ஒரு கைமாவு இயந்திரம்! ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து அதில் மாவரைத்தார்கள். 1904இல் டர்பன் அருகே நூறு ஏக்கரில் பீனிக்ஸ் குடியிருப்பு தொடங்கியது. சில ஆண்டுகளில் கஸ்தூரிபாயின் வீடு அங்கே தகரக் கூரையின் கீழ் அமைந்தது.

ஆனால் யாரும் சொல்லாமலே அவர் தாமே விட்டுக் கொடுத்த பெரும்பொருள் ஒன்று உண்டு. அது அவருடைய சுதந்திரம். 1913இல் கேப் மாகாண நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத இந்தியத் திருமணங்கள் செல்லாது என்ற நிலையை உண்டாக்கியது. அப்படியானால் தாம் மனைவியே இல்லையா என்று கொதித்தெழுந்தார். செப்டம்பரில் மற்றப் பெண்களோடு எல்லையைக் கடந்து கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் பெற்று மாரிட்ஸ்பர்க் சிறைக்குச் சென்றார். எலும்பும் தோலுமாக வெளியே வந்தார். நம் தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை சிறை சென்றதும் அதே போராட்டத்தில்தான். நம்மைவிட ஒரே வயது மூத்தவர். விடுதலையான சில நாள்களில், 1914 பிப்ரவரி 22இல், காய்ச்சலால் உயிர் நீத்தார். இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழியரே.

1915இல் இந்தியா திரும்பியதும் அகமதாபாத்தில் ஆசிரமம் எழுந்தது. 1917இல் சபர்மதிக் கரைக்கு மாறியது. எவரும் தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கே விதி. அன்பளிப்பாக வந்தாலும் அலுவலகத்தில் சேர்த்துவிட வேண்டும். அந்த ஆண்டுகளில்தான் காந்தியடிகள் நம் மதுரையில் 1921 செப்டம்பர் 22இல் அரையாடைக்கு மாறினார். அதை எல்லோரும் அறிவோம். 1929இல் நடந்ததை அவ்வளவு பேர் அறிய மாட்டார்கள். கஸ்தூரிபாய் பலர் தந்த அன்பளிப்புகளில் நூறு இருநூறு ரூபாயை முன்பு தம்மிடம் வைத்திருந்தார். ஆசிரமத்தில் திருடர்கள் நுழைந்தபோது அது வெளியே தெரிந்து வருந்தினார். பின்னர் யாரோ தந்த நான்கு ரூபாயையும் அலுவலகத்தில் சேர்க்கத் தவறினார். இதைக் காந்தியடிகள் தம் நவஜீவன் பத்திரிகையில் எல்லோரும் படிக்கும்படி எழுதிவிட்டார்!

நான்கே நான்கு ரூபாய். அறுபது வயதுப் பாட்டி. கணவர் மனைவி என்று பாராமல் விதி எல்லோருக்கும் ஒன்றே என்று காட்டியது உயர்ந்ததுதான். ஆயினும் அந்தப் பத்திரிகை வெளியான நாளில் அவர் சமையற்கட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நின்றிருப்பார் என்று நினைக்கும்போது நமக்குக் கண் கலங்குகிறது. பேரப் பிள்ளைகள் வந்தால் கையில் ஏதாவது கொடுக்க நினைத்து வைத்திருப்பாரோ என்பது நம்முடைய ஊகம். அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை.

மருமகள்கள் என்று கவலைப்பட்டாரே, அவர்களில் கடைசியாக வந்தவர் நம் ராஜாஜியின் மகள் லட்சுமி. டர்பனில் பிறந்த இளைய மகன் தேவதாசை 1933 ஜூன் 16இல் புனேயில் மணந்தார். ஐந்தாண்டு காத்திருங்கள் என்று இரு தந்தையரும் சொன்னதைக் கேட்டுக் காத்திருந்து நடந்த திருமணம் அது. மாலை போய் அப்போது முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1936இல் வார்தாவுக்கு அருகே சேவாகிராமம் உருவானது. தொடக்கத்தில் எல்லோரும் ஒரே குடிசையில் தங்கினார்கள். ஆண்கள் நடுவே ஒதுங்க இடமில்லாமல் இருந்த அவருக்கு, பின்பு ஒரு சிறு மண் குடிசை தனியே கட்டப்பட்டது. நம் வீட்டுச் சாமான் அறையைவிடச் சற்றுப் பெரிது எனலாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டவருக்கும் கதவு சாத்திக்கொள்ள ஓர் இடம் தேவைப்பட்டது.

1942 ஆகஸ்டில் வெள்ளையர் அரசு அவரைக் கைது செய்து கொண்டுபோனது ஓர் அரண்மனைக்கு! புனேயில் உள்ள ஆகாகான் மாளிகைதான் சிறை. பெரிய கூடங்களும் தோட்டமும் முள்வேலியும் காவலும் உள்ள சிறை. அங்கே உடல் நலிந்து, 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், கணவரின் மடியில் உயிர் துறந்தார். வள்ளியம்மை மறைந்து சரியாக முப்பது ஆண்டுகள்.

தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பழக்கப்பட்ட அன்னை ஒன்றை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். காந்தியடிகள் தம் கையால் நூற்ற நூலில் நெய்த சேலை அது. இறுதிப் பயணத்தில் அதைத்தான் தமக்கு உடுத்த வேண்டும் என்று விரும்பியிருந்தார், அப்படியே உடுத்தினார்கள். மறுநாள் அந்த மாளிகைத் தோட்டத்திலேயே சிதை மூட்டப்பட்டது. பின்பு சாம்பலைச் சேகரிக்கச் சென்றவர்கள் அதற்குள் அவருடைய கண்ணாடி வளையல்கள் ஐந்தும் உடையாமல் கிடப்பதைக் கண்டார்கள்.