இராமானுஜனை உந்தியது எது?

ரேணிகுண்டாச் சந்திப்பில் புகைவண்டி ஏறி மேற்கே செல்வோர் கடப்பையைக் கடந்து குத்தி என்னும் ஊரை அடைவர். கிழக்கே செல்வோர் கூடூரில் திரும்பி நெல்லூரை அடைவர். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தாராகிய நாம் பிழைப்பின் பொருட்டும் உறவின் பொருட்டும் சென்று வரும் வழிகளே இவை. கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்வில் இவ்விரு ஊர்களுக்கும் பங்கு உண்டு என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்த்திரோம்.

1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த இராமானுஜன், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். 1903ஆம் ஆண்டில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு எட்டியது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை வரிசைப்படுத்திய அந்நூலில் விரிவான நிறுவல்கள் இல்லை. இக்குறையே அவருக்கு வாய்ப்பாயிற்று. ஒவ்வொன்றையும் தாமே நிறுவப் புகுந்தவர், நூலில் இல்லாதனவற்றையும் காணத் தொடங்கினார்.

அதன் பின் அவருக்கு வேறு பாடம் பிடிக்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். 1905இல் வீட்டாரிடம் கூறாமல் விசாகப்பட்டினம் சென்றார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1907இல் எஃப்.ஏ. தேர்விலும் தவறினார். மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை அளக்கும் நாம், அன்று அவர் அன்னை கோமளத்தம்மாளின் நிலையில் இருந்திருப்பின் என்ன செய்திருப்போம்? திண்ணையில் பலகையும் கையுமாக அமர்ந்திருந்த மகனைப் பொறுத்துக்கொள்ள எத்தனை பேருக்கு நெஞ்சுரம் இருந்திருக்கும்? தேர்வு முறையின்மீதே பழி முழுவதையும் சுமத்துவதும் நேர்மையன்று. ஏனைய பாடங்களை அவரே கைவிட்டார். அவ்வளவு வன்மையாக ஒன்று அவரைப் பற்றியிருந்தது.

1909இல் ஜானகி அம்மையாரை மணந்தபின் வேலை தேடுவது கட்டாயமாயிற்று. திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்த இராமசாமி ஐயரிடம் எழுத்தர் வேலை கேட்டுச் சென்றார். 1907இல் குத்தியில் பணியாற்றியபொழுது இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த பெரியார் இவர். குறிப்பேடுகளைக் கண்டதும், இத்தகைய அறிவைத் தாலுகாக் கச்சேரியில் முடக்க அவர் மனம் ஒப்பவில்லை; சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அவ்வழியே 1910ஆம் ஆண்டின் இறுதியில் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவின் முன் வந்து நின்றார் இராமானுஜன்.

ராவ் கணிதம் கற்றவர். ஆயினும் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. எளியவற்றில் தொடங்கிப் படிப்படியாக அரியவற்றிற்கு அழைத்துச் சென்றார் இளைஞர். வேண்டுவது யாது என்று ராவ் வினவியபொழுது அவர் பதவி கேட்கவில்லை, புகழும் கேட்கவில்லை. உணவுக் கவலையின்றி ஆராய்ச்சி செய்யச் சிறிது பொருள் போதும் என்றார். மேதையை உந்துவது எது என்னும் வினாவிற்கு இவ்விடை ஒன்றே போதுமென நமக்குத் தோன்றுகிறது. ராவ் திங்கள்தோறும் 25 ரூபாய் தம் கையிலிருந்து அளித்தார். பிறருக்குச் சுமையாக நெடுநாள் இருக்க விரும்பாத இராமானுஜன், 1912 மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார்.

நாமகிரித் தாயாரே கனவில் சூத்திரங்களை அருளினார் என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கையை எள்ளுதல் நம் கருத்தன்று. ஆனால் அருள் ஒன்றையே கூறி அமைவோர் அவருடைய பலகையை மறந்துவிடுகின்றனர். காகிதம் வாங்கப் பொருளின்றிப் பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதி, முடிவுகளை மட்டும் ஏட்டில் பதித்தவர் அவர். அழிந்துபோன அவ்வுழைப்பிற்குச் சான்று இல்லாமையாலேயே யாவும் கனவாகத் தோன்றுகிறது.

1913 ஜனவரி 16இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவரை இங்கிலாந்திற்கு அழைத்தது. 1914 மார்ச் 17இல் கப்பலேறினார். அங்கு இருவரும் ஆராய்ந்தவற்றுள் ஒன்றை நம் வீட்டுச் சிறுவரும் அறியலாம். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 200ஐ எத்தனை வகையாகப் பிரிக்கலாம்? 39,72,99,90,29,388 வகை. மக்மகோன் என்பார் கையால் கணக்கிட்டுக் கண்ட இத்தொகையோடு அவ்விருவரின் சூத்திரம் பொருந்தியது.

1918இல் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. ஆனால் போர்க்காலத்துக் குளிரும், சைவ உணவு கிடைத்தற்கரிய நிலையும், இடைவிடா உழைப்பும் உடலை முன்னரே வீழ்த்தியிருந்தன. நோயுற்றிருந்த நிலையில், 1919 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டிற்கு 250 பவுன் வழங்க முன்வந்தபொழுது, பெற்றோருக்கு 50 பவுன் போகத் தம் செலவிற்கு மேற்பட்டதை ஏழை மாணவர் கல்விக்கு அளிக்குமாறு எழுதினார். நெல்லூரில் பேசிய அதே உள்ளந்தான்.

அவ்வாண்டு மார்ச்சில் தாயகம் திரும்பினார். சென்னையில் படுக்கையில் கிடந்தபடியே எழுதிக்கொண்டிருந்தார். அருகிருந்து பணிவிடை செய்த ஜானகி அம்மையார் தாள்களைச் சேர்த்து வைத்தார். 1920 ஏப்ரல் 26இல், 32 வயதில், இராமானுஜன் மறைந்தார். பின்னர் அத்தாள்கள் கடல் கடந்து சென்று கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1976இல் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் அவற்றைக் கண்டெடுத்தார். அவற்றில் இருந்த சூத்திரங்கள் சுமார் 600.