மொன்ரிசோரி அம்மையாரின் முதல் மாணவர்கள்

நம் ஊர்களில் முன்பள்ளிக்கு இன்னொரு பெயர் மொன்ரிசோரி. பிள்ளையை மொன்ரிசோரிக்கு விட்டாயிற்றா என்று கேட்பவர்களில் பலருக்கு அது ஒரு பெண்மணியின் குடும்பப் பெயர் என்பது தெரியாது. அது தெரிந்தவர்களுக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அம்மையாரிடம் முதன்முதல் படித்தவர்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள் அல்லர். படிப்பிக்கவே முடியாதவர்கள் என்று உரோம் நகரத்து மனநோய் வைத்தியசாலைகளில் விட்டுவைக்கப்பட்டிருந்த பிள்ளைகளே அவர்கள்.

மரியா மொன்ரிசோரி 1870 ஆகஸ்ட் 31 இல் இத்தாலியின் கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அரசாங்க உத்தியோகத்தர். இவர் ஒரே பிள்ளை. ஐந்து வயதளவில் குடும்பம் உரோமுக்குக் குடிவந்தது. பெண்பிள்ளை படித்தால் ஆசிரியையாகலாம், அதற்குமேல் என்ன என்றிருந்த காலம். இவரோ ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பாடசாலையிற் சேர்ந்து, பின்னர் மருத்துவம் படிக்கப் போனார். தந்தைக்கு விருப்பமில்லை, தாய்தான் பக்கத்தில் நின்றார். ஆண்களோடு நின்று பிரேதம் பார்ப்பது பெண்ணுக்குத் தகாது என்றபடியால், மற்றவர்கள் போனபிறகு தனியே நின்று சடலங்களை அறுத்துப் படித்தார். 1896 இல் பட்டம் கிடைத்தது. இத்தாலியின் முதலாவது பெண் வைத்தியர் இவரே என்று எழுதுபவர்கள் உண்டு, அது சரியல்ல. முதற் சிலருள் ஒருவர் என்பதே சரி.

பட்டம் பெற்றபின் உரோம் பல்கலைக்கழகத்தின் மனநோய்ப் பிரிவில் உதவி வைத்தியராக இருந்தார். அந்த வேலையாக மனநோய் வைத்தியசாலைகளுக்குப் போனபோதுதான் அந்தப் பிள்ளைகளைக் கண்டார். அறிவு வளர்ச்சி மிகவும் குன்றிய சிறுவர்களை, புத்தி பேதலித்த பெரியவர்களோடு ஒன்றாக அடைத்து வைத்திருந்தார்கள். அறையிலே ஒரு விளையாட்டுச் சாமானும் இல்லை. சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் நிலத்தில் விழுந்த பாண் துணிக்கைகளுக்குப் பாய்ந்தார்கள். பராமரித்த பெண்ணுக்கு அது அருவருப்பு. மரியாவுக்கு வேறொன்று தெரிந்தது. பிடித்துப் பார்க்க, உருட்டிப் பார்க்க அந்தக் கைகளுக்கு அந்த வெறும் அறையில் வேறு எதுவுமே இல்லை. இது மருந்தால் தீரும் காரியமல்ல, படிப்பிக்கவேண்டிய காரியம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது இந்தக் காலத்திலேதான்.

வழி தேடி அவர் பழைய பிரெஞ்சு நூல்களுக்குப் போனார். காட்டிலே பிடிபட்ட, பேச்சறியாத ஒரு சிறுவனை ஆண்டுக்கணக்கில் பயிற்றிய இத்தார் என்ற வைத்தியரின் குறிப்புகள் ஒன்று. அவருடைய மாணவர் செகான், இப்படியான பிள்ளைகளுக்கென்றே பாடசாலை நடத்திக் கண்டவற்றை எழுதி 1846 இல் வெளியிட்ட நூல் மற்றது. அம்மையார் இவற்றை இத்தாலிய மொழியில் தம் கையாலேயே முழுவதும் எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் நின்று நிதானித்து விளங்கிக்கொள்வதற்காகவே அந்த வேலை.

1900 இல், இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றும் பாடசாலை ஒன்று உரோமில் திறக்கப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பு இவருக்கும் ஜூசெப்பே மொன்ரெசானோ என்ற வைத்தியருக்கும் வந்தது. காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை அம்மையார் பிள்ளைகளோடு இருப்பார். இரவில் அன்று கண்டதை எழுதுவார்.

அங்கே பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி. ஊசியை நூலுக்கு மேலும் கீழுமாக விட்டு இழையோட்டுவது அவளுக்கு எவ்வளவு காட்டியும் வரவில்லை. அம்மையார் ஊசியை வாங்கி வைத்துவிட்டு, நாம் பாய் இழைப்பதுபோலக் கடதாசிக் கீலங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோக்கக் கொடுத்தார். அதிலே கை பழகியதும் திரும்ப ஊசியைக் கொடுத்தார். அவள் தைத்தாள். பிள்ளைக்கு ஒன்று வரவில்லை என்றால் அதையே திரும்பத் திரும்பச் செய்விக்காமல், அதற்கு முந்திய படியைத் தேடிப் போகவேண்டும் என்பதை அம்மையார் இந்தச் சிறுமியிடமே கற்றார். அவருடைய முறையில் பாதி இதற்குள் அடங்கிவிடும் என்பேன்.

எழுத்தும் அப்படித்தான். மரத்தில் வெட்டிய எழுத்துகள், உயிருக்குச் சிவப்பு, மெய்க்கு நீலம். பிள்ளைகள் அவற்றின்மேல் விரலை ஓட்டி ஓட்டிப் பழகினார்கள். கண்ணுக்குப் பிடிபடாத உருவம் விரலுக்குப் பிடிபட்டது. அவர்களிற் சிலர் எழுதவும் வாசிக்கவும் கற்று, சாதாரண பாடசாலைப் பிள்ளைகளோடு பொதுப் பரீட்சை எழுதிச் சித்தியும் அடைந்தார்கள். ஊரெல்லாம் வியந்தது. அம்மையார் யோசித்தது வேறு. இவர்களே இவ்வளவு செய்தால், நல்ல சுகமுள்ள பிள்ளைகள் இதே அளவில் நிற்பதற்கு அவர்களுடைய பாடசாலைகளில் என்ன பிழை?

அந்தக் கேள்விதான் அவரை உலகப் பிரசித்தமாக்கியது. அதே கேள்விதான் அவரை முதற் பிள்ளைகளிடமிருந்து பிரித்தும் கொண்டுபோனது. சொந்தத் துயரமும் கூடவே இருந்தது. மொன்ரெசானோவுக்கும் அவருக்கும் 1898 இல் மாரியோ என்ற மகன் பிறந்திருந்தான். திருமணம் நடக்கவில்லை. குழந்தை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. மொன்ரெசானோ இன்னொருவரை மணந்துகொள்ள, 1901 இல் அம்மையார் அந்தப் பாடசாலையை விட்டு விலகினார். மற்றவர் வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பகல் முழுதும் உழைத்தவருக்குத் தம் பிள்ளையைப் பக்கத்தில் வைத்திருக்கக் கொடுத்துவைக்கவில்லை. பதினைந்து வயதளவிலேதான் மாரியோ தாயிடம் வந்து சேர்ந்தார்.

1907 ஜனவரி 6 இல் உரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் சிறுவர் இல்லம் திறந்தது. அதன்பின் வந்த புகழ் எல்லோரும் அறிந்தது. அந்த விலையுயர்ந்த மர எழுத்துகளை அங்கே செய்விக்க முடியாமற் போனதால், மண்கடதாசியில் வெட்டி அட்டையில் ஒட்டினார். இன்றும் நம் முன்பள்ளிகளில் இருப்பது அதுதான்.

1939 இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பில் மாரியோவோடு சென்னை அடையாறுக்கு வந்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரிற் குதித்ததும், பிரித்தானிய அரசு எதிரி நாட்டவர் என்று மாரியோவைத் தடுப்பு முகாமில் வைத்தது. அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி அவர் விடுதலையானார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் வேறிடங்களிலும் இருந்து படிப்பித்தவர், 1944 இல் நம் நாட்டுக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1952 மே 6 இல் நெதர்லாந்தில் காலமானார்.

நானும் சில வருடங்கள் பாலர் வகுப்பு நடத்தியவள். ஒரு நாள் ஒரு தாய் ஆறு வயது மகளோடு வந்தார். பிள்ளைக்குப் பேச்சில்லை, சொன்னது விளங்குவதுமில்லை. மற்றப் பிள்ளைகளின் பெற்றார் என்ன சொல்வார்களோ என்ற பயம் எனக்கு. இது அவவுக்கு ஏற்ற இடமில்லை அம்மா என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பிள்ளை அவ்வளவு நேரமும் என் மேசையடியில் நின்று, மண்கடதாசியில் வெட்டிய அகரத்தின்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தது.